த்ரீ பேஸும் தானாக எழும் கம்ப்யூட்டரும்

கம்பம் பள்ளத்தாக்கில் கரண்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் கரண்டே ஓர் ஆளுக்காகக் காத்திருந்தது என்றால், அது த்ரீ பேஸ் ஒருவருக்காகத்தான். அவர் மொபெட்டை உதைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சின்னமனூருக்கு மின்சாரம் வரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். நம்பியவர்களில் முதல் ஆள் அவரே.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ரேஷன் கடைக்காரருக்கும் தெரியாது என்று கேள்வி. தோட்டத்து மோட்டார்கள் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் அதை த்ரீ பேஸ் என்பார்கள். அது மாப்பிள்ளை மாதிரி, தனக்குத் தோன்றியபோது வரும், சொல்லாமல் போகும். வந்த நிமிடமே இவர் மொபெட்டில் ஏறி, வாய்க்கால் கரையோடு "த்ரீ பேஸ் வந்துருச்சு, த்ரீ பேஸ் வந்துருச்சு" என்று கத்திக்கொண்டே போவார். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. மொபெட்டுக்கு ஹாரன் கிடையாது என்பதால் அந்தக் குரலே ஹாரனாகவும் ஆயிற்று. பெயராகவும் ஆயிற்று.

தொழில், மோட்டார்க் காயில் கட்டுவது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வயிறு கிழிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். ஆனால் அவர் பள்ளத்தாக்கெங்கும் பேர் வாங்கியது காயிலால் அல்ல, ஆட்டோவால். கரண்ட் வந்ததும் யாரும் கைவைக்காமல் மோட்டாரைத் தானாக ஓடவிடும் பெட்டிக்கு இங்கே ஆட்டோ என்று பெயர். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் அவர் ஆட்டோ மாட்டாத கிணறு குறைவு. கரண்ட் இருக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு நேரமும் வீணாகக் கூடாது என்பது அவர் கொள்கை. "மனுசன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி மோட்டார் எந்திரிச்சிறணும் சார்" என்பார்.

கொள்கை கிணற்றோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் தன் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஆட்டோ போட்டார். கரண்ட் வந்தால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், ரேடியோ பாடும், மிக்ஸி அரைக்கும். ஒருநாள் அவர் மனைவி மூடி போடாமல் மிக்ஸியில் தேங்காயைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். கரண்ட் வந்தது. அந்த வீட்டுக் கூரையில் சட்னியின் கறை கடைசிவரை இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

மைக் செட்காரர் ஒருவருக்கும் ஆட்டோ போட்டுக் கொடுத்தார். துக்க வீடு ஒன்றில் ஒலிபெருக்கி சோகப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பெரியவரைப் பாடையில் ஏற்றும் சமயத்தில் கரண்ட் வந்தது. முந்தின நாள் கல்யாண வீட்டில் போட்ட கேசட் செட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்திருக்கிறது. ஆட்டோ அதைத்தான் எழுப்பிவிட்டது. மாப்பிள்ளையை வரவேற்கும் பாட்டோடு பெரியவர் தெருமுனைவரை போனார். இறந்தவரின் மைத்துனர் த்ரீ பேஸை வாய்க்கால்வரை விரட்டினார். தண்ணீருக்குள் நின்றபடி த்ரீ பேஸ் சொன்ன சமாதானம் இதுதான்: "கரண்டு வந்துச்சுல்ல. அதப் பாருங்க மொதல்ல."

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் கம்ப்யூட்டருக்கு வைத்தியராக வைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற புதிதில், பத்திரிகைகளுக்கு எழுதலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மஸ்கட்டில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது அதில் தன் குழந்தையின் படங்களை ஏற்றினாள். குழந்தையின் பேச்சையும் பதிந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் போனபின் என் மனைவி பவுனுத்தாய்க்கு அந்தப் பெட்டியின் மேல் ஓர் ஆசை வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். விரல் மூட்டுகள் வீங்கி, குடத்தின் கழுத்தைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாதவள். அவளுக்குத் தைலம் வாங்கித் தந்ததோடு என் கடமை முடிந்துவிட்டதாக நான் இருந்தேன்.

ஊரில் அப்போது கம்ப்யூட்டர் பார்க்க ஆள் இல்லை. த்ரீ பேஸ் தன் கொட்டகைப் பலகையில் "மோட்டார் காயில் கட்டப்படும்" என்பதற்குக் கீழே "கம்ப்யூட்டர் பார்க்கப்படும்" என்று எழுதி வைத்தார். பலகையில் பொய் இல்லை. பார்க்கத்தான் செய்வார்.

முதல் தடவை வந்தபோது பெட்டியைத் திறக்காமலே ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் விலாவில் வைத்தார். மரப்பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடினார். மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று இப்படித்தான் கேட்பார்கள். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். "பேரிங் சுத்தமா இருக்கு சார். நீங்க பயமில்லாம எழுதலாம்" என்றார். நான் சிரித்தேன். உள்ளே தட்டு சுழல்கிறது, அதற்கும் பேரிங் உண்டு என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தமில்லை. மாவு மில்லாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நான் வெளியே போகும் நேரங்களில் அவர் பவுனுத்தாய்க்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். தெரியாதவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு வேகம் உண்டு போலும். கொஞ்ச நாளில் அவள் சீட்டு விளையாடினாள். பிறந்த வீட்டில் சீட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்தாலே அடி விழும். இங்கே ராணியையும் ஜாக்கியையும் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். படம் வரையும் இடத்தில் புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். தரையில் குனிய முடியாமல் விட்டுப்போன கோலங்கள் எல்லாம் திரைக்கு வந்தன. வரைந்ததைச் சேமிக்க வேண்டுமே என்று த்ரீ பேஸ் விசைப்பலகையில் இரண்டு பொத்தான்களின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வைத்தார். முடிந்ததும் அந்த இரண்டையும் சேர்த்து அமுக்கினால் போதும்.

இதோடு கம்ப்யூட்டர் மெதுவாக எழ ஆரம்பித்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு, சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு காபி குடிக்கலாம் என்றானது. அதற்கும் பிறகு, சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, துணி மாற்றி, விபூதி பூசிக்கொண்டு வந்தாலும் அது பல் விளக்கிக்கொண்டிருக்கும். கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. யு.பி.எஸ். எப்போதோ செத்திருந்தது. நான் வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத வேண்டும். கரண்ட் இருக்கும் நேரமோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் இந்தப் பெட்டி சோம்பல் முறித்தே தின்றுவிடும்.

எனக்கு எரிச்சலாக இருந்த அந்த நேரம் பவுனுத்தாய்க்குத் திருவிழாவாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவாள். முதலில் குழந்தையின் குரல் வரும்: "அம்மாச்சி, சாப்டியா?" இவள் சாப்பிட்டேன் என்பாள். பிறகு சீட்டு விரியும். கடைசியாக நேற்று விட்ட கோலம் வந்து நிற்கும். நடுநடுவே கடிகாரம், கணக்கு போடும் பெட்டி என்று யாருக்கும் தேவையில்லாத உருப்படிகளும் ஊர்வலத்தில் வரும். அவளுக்கு வரிசை மனப்பாடம். சாமி புறப்பாட்டில் அடுத்த சப்பரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் பெட்டி யாரும் தொடாமலே எழுந்துகொள்ளும்படியும் த்ரீ பேஸ் செய்திருந்தார். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத கூடத்தில், "அம்மாச்சி, சாப்டியா?" என்ற குரலைக் கேட்டுப் பால்காரர் செம்பை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

கம்ப்யூட்டர் லேட்டாகிறது என்று த்ரீ பேஸிடம் முறையிட்டேன். வோல்டேஜ் இல்லை என்றார். ஸ்டெபிலைசர் மாட்டினார். அதுவும் ஆகாமல், உள்ளே தூசி என்று கண்டுபிடித்தார். தூசி எடுக்க அவர் கொண்டுவந்தது திராட்சைக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து காற்றை விட்டார். என் கட்டுரைத் தாள்கள் எல்லாம் பறந்து தெருவுக்குப் போயின. குழாயில் மிச்சமிருந்த மயில்துத்தக் கரைசல் சுவரில் நீலமாக இறங்கியது. அதன்பிறகு வெகுநாள்வரை, கம்ப்யூட்டர் சூடானால் வீடு முழுக்க ஓடைப்பட்டித் தோட்டத்து வாடை அடிக்கும். பவுனுத்தாய் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. நான் கோபமாக இருந்தேன்.

தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட்டப்ல எவ்வளவு போட்டு வச்சிருக்கீங்க சார்" என்றார். பெட்டி எழும்போது தானாகத் திறக்க வேண்டியவற்றை வைக்கும் இடம் அது. அதில் த்ரீ பேஸ் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோய் அடைத்திருந்தார். கம்ப்யூட்டரையும் கிணறு என்று நினைத்து ஆட்டோ போட்டிருக்கிறார். கரண்ட் வந்தால் எல்லாம் ஓடித் தயாராக நிற்க வேண்டும். பத்து மோட்டாரை ஒரே கம்பத்தில் மாட்டினால் எப்படித் திணறுமோ அப்படித் திணறிக்கொண்டிருந்தது அந்தச் சின்னப் பெட்டி.

நான் அத்தனையையும் எடுத்தேன். கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. அந்தச் சந்தோஷத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் நேராகக் கொட்டகைக்குப் போனேன். மோட்டாரோடு வந்த சம்சாரிகள் கூட்டமாக நின்றார்கள். எனக்கு வகுப்பறை கிடைத்த மாதிரி இருந்தது.

"ஏப்பா த்ரீ பேஸ், ஸ்டார்ட்டப்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார். ஆட்டோ."

கூட்டம் சிரித்தது. கம்ப்யூட்டர் ஏன் லேட்டாகிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். பழசாகிவிட்டது என்றார். பழசாகவில்லை, நீ போட்ட ஆட்டோதான் காரணம் என்று, ஒவ்வொன்றாக விளக்கினேன். கையில் செம்புக் கம்பிச் சுருளோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"லேட்டானாலும் எல்லாம் வந்துருதுல்ல சார்" என்றார்.

"இது பம்புசெட் இல்லய்யா. தெரியாத வேலைல கைய வைக்காத. மோட்டாரோட இருந்துக்க."

அவரும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார். நான் திரும்பும்போது கொஞ்ச தூரம் பின்னால் வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அக்கா சரின்னு சொன்னாகளா சார்?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

நான் சொன்ன காரணத்தில் ஒரு பிழையும் இல்லை. இன்று எந்தக் கம்ப்யூட்டர்காரரைக் கேட்டாலும் என் பக்கம்தான் பேசுவார். அடுத்த முறை பேருந்து நிலையம் போனபோது, கொட்டகைப் பலகையின் இரண்டாம் வரி மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது.

பவுனுத்தாய் அறை வாசலில் நின்று, அது இனிமேல் தானாக வராதா என்று கேட்டாள். வராது, நீயே திறந்துகொள் என்று, குரல், சீட்டு, கோலம் மூன்றையும் திரையின் முகப்பிலேயே வைத்துக் கொடுத்தேன். அதன்மேல் அம்புக்குறியை வைத்து இரண்டு தட்டு, டக் டக். அவ்வளவுதான். அவள் முயற்சி செய்தாள். டக் என்றாள். டக் என்றாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அப்படித் தட்டினால் திறக்காது. பெயரைச் சுற்றி நீலக் கட்டம் கட்டிக்கொண்டு, புதுப் பெயர் என்ன என்று கேட்பது போலக் கண் சிமிட்டும்.

சில நாள் கழித்துப் பார்த்தால் குழந்தையின் குரலுக்கு ஏதோ ஓர் எழுத்து வரிசை பெயராகியிருந்தது. யார் இதைச் செய்தது என்று சத்தம் போட்டேன்.

"நான் தொறக்கத்தேன் பாத்தேன். அது பேர மாத்தவான்னு கேக்குது" என்றாள்.

"வேகமா தட்டணும்னு எத்தன தடவ சொல்றது?"

"சரி. நீங்க எழுதுங்க" என்றாள்.

அதன்பிறகு அவள் அந்த அறைக்கு வரவில்லை. ஆசை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் முழுக்க எனக்கே கிடைத்தது. கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினேன். பக்கத்து அறையில் அவள் படுத்திருப்பாள். விரலுக்கு ஒரு தைலம் மாற்றி இன்னொரு தைலம் வந்தது. அடுத்து வந்த ஒரு கோடையில், உடம்பு முடியாமல், நிறையச் சிரமம் தராமல் போய்ச் சேர்ந்தாள்.

மகள் மஸ்கட்டிலிருந்து வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அன்று தெருவில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. யாரும் சொல்லி அனுப்பாமலே த்ரீ பேஸ் ஒரு ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். சந்தில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து, கயிற்றைச் சுற்றி, கையால் இழுத்து ஸ்டார்ட் செய்தார். அதற்கு ஆட்டோ போடவில்லை. வீட்டுக்குள் வரவில்லை. நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை. காரியம் முடிந்து பார்த்தபோது வண்டியும் அவரும் இல்லை.

இத்தனையும் எனக்குப் புரிய என் விரல்கள் வீங்க வேண்டியிருந்தது. சென்ற வருடம் மூட்டுகள் முடிச்சுப் போட ஆரம்பித்தன. ஒரு காலை, கட்டுரையைத் திறக்க இரண்டு தட்டு தட்டினேன். திறக்கவில்லை. பெயரைச் சுற்றி நீலக் கட்டம் வந்து கண் சிமிட்டியது. மறுபடி தட்டினேன். மறுபடி பெயரைக் கேட்டது. எனக்கு நானே, வேகமா தட்டணும் என்று சொல்லிக்கொண்டதும், அதே சொல்லை அந்த அறையில் முன்பு கேட்ட காது யாருடையதென்று நினைவு வந்தது. விசைப்பலகையில் சிவப்பு டேப் இன்னும் ஒட்டியிருந்தது. ஆட்டோவும் அந்த டேப் மாதிரியே அவள் விரல்களுக்காகத்தான் போட்டது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.

த்ரீ பேஸுக்கு முடி நரைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்கும் காது மந்தமாகியிருந்தது. மற்றக் காதைத்தான் என் பக்கம் திருப்பினார். கம்ப்யூட்டர் என்றதும், இப்போது தான் அதைப் பார்ப்பதில்லை என்றார். எனக்குத் தெரியும் என்றேன். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் வரவில்லை.

"எல்லாத்தையும் ஆட்டோல போட்டுக் குடுப்பா. முந்தி இருந்த மாதிரி."

"லேட்டாகும் சார்."

"ஆகட்டும்."

வந்தார். பெட்டியின் விலாவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, கேட்காத காதில் வைத்துக் கேட்டு, பேரிங் சுத்தம் என்றார். ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். குழந்தையின் குரல், சீட்டு, கோலம். வேண்டாத கடிகாரத்தையும் கணக்குப் பெட்டியையும்கூட விடவில்லை. கோலத்தை வைக்கும்போது மட்டும் அதைத் திறந்து பார்த்தார். நடுங்கும் கோடுகளில் ஒரு மயில். தோகையில் பாதிக்கு மேல் வெறும் புள்ளிகள்.

"அக்கா பாதியில விட்டுருக்காக" என்றார்.

ஓடுகிறதா பார்த்துவிடலாம் என்று பெட்டியை அணைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டார். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பெட்டி முனகியது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது: "அம்மாச்சி, சாப்டியா?" அந்தக் குழந்தை இப்போது மஸ்கட்டில் பள்ளிக்கூடம் போகிறது. கடிகாரம் வந்தது. சீட்டு விரிந்தது. கோலம் வர வேண்டிய இடத்தில் கரண்ட் போயிற்று.

அவருக்குக் கொட்டகையில் வேலை கிடந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"வரட்டும் சார். வந்தா தானா எந்திரிச்சுக்கிரும்" என்றார்.

கரண்ட் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.